ஆறாவது தாரா

இரண்டாயிரத்துப் பதினோராம் ஆண்டு மார்ச் மாதம், மெல்பேர்ணிலிருந்து வடக்கே இரண்டரை மணி நேரத் தூரத்திலுள்ள ஒரு பண்ணையின் அணைக்கட்டில் காட்டுத் தாரா, அதாவது காட்டு வாத்து, சுட எனக்கு அனுமதி கிடைத்தது. நெடுநாள் வறட்சி முடிந்து அணைகள் நிறைந்திருந்த காலம். பண்ணைக்காரர் ஒரேயொரு நிபந்தனை விதித்தார். சுட்டு விழுத்தும் பறவை ஒன்றுகூடத் தண்ணீரில் கிடக்கக் கூடாது. முந்திய வருடம் வந்தவர்கள் விட்டுப்போன பறவைகள் அழுகி மிதந்தனவாம். உங்களிடம் நாய் உண்டா என்று கேட்டார். நாய் தேவையில்லை, நான் முப்பத்தொரு வருடம் நில அளவையாளராகக் கடமையாற்றியவன், விழுந்த இடத்தை அளந்து எடுப்பேன் என்று பதிலளித்தேன். ஒன்று குறைந்தாலும் அடுத்த வருடம் இந்தப் பண்ணை வாசல் படலை திறக்காது என்றார் அவர். நான் ஒப்புக்கொண்டு கைகுலுக்கினேன்.

நாய் இல்லாததற்கு வேறொரு காரணமும் உண்டு. என் மனைவி இதுபற்றி ஒருமுறைதான் பேசினார். “சாமியறை இருக்கிற வீட்டுக்குள்ள நாயும் வரக் கூடாது, உங்கட தாராவும் என்ர குசினிக்குள்ள வரக் கூடாது.” இரண்டாவது விடயத்தில் பின்னர் கராஜிலுள்ள எரிவாயு அடுப்பு என்னும் இணக்கத்துக்கு வந்தோம்.

உண்மையைச் சொல்வதானால், அதுவரை சுட்ட பறவையை நானாக எடுத்த வழக்கம் எனக்கு இல்லை. இலங்கையில் குளங்களை அளக்கும் நாட்களில் அளவுச் சங்கிலி பிடிக்கும் உதவியாட்கள் இறங்கி எடுத்து வருவார்கள். நான் கரையில் நின்று திசையை மட்டும் சொல்லுவேன். இந்த நாட்டில் திசை சொல்பவனும் இறங்குபவனும் ஒருவனே.

என்னோடு வந்தவர் ஓய்வுபெற்ற வங்கி முகாமையாளர். நாற்பது வருட நண்பர். ஆனால் எங்கள் கல்லூரியோடு வருடந்தோறும் கிரிக்கெட் ஆடும் மற்றக் கல்லூரியில் படித்தவர். ஆகவே நட்புக்கு ஓர் எல்லை உண்டு. தாரா இனங்களை அடையாளங் காணும் அரசாங்கத் தேர்வை நாங்கள் இருவரும் ஒரே நாளில் எழுதினோம். அவர் என்னைவிட ஒரு விடை கூடுதலாகச் சரியாக எழுதியிருந்தார். அதை அவர் மறக்கவில்லை. மறக்க விடவும் இல்லை. அன்று காலை அவர் இரண்டு தடவை சுட்டார். ஆகாயத்துக்கு எவ்விதச் சேதமும் இல்லை. அதன்பின் துப்பாக்கியைக் காரில் வைத்துப் பூட்டிவிட்டு, மடக்குக் கதிரையை விரித்து அமர்ந்தார்.

நான் ஐந்து தாராக்களை விழுத்தினேன். ஐந்தும் திறந்த தண்ணீரில் விழுந்தன. நெஞ்சளவு ரப்பர் காற்சட்டை அணிந்து, ஒவ்வொன்றாக நடந்துபோய் எடுத்துவந்தேன். நண்பர் கதிரையில் இருந்தபடி எண்ணிக்கையைப் பேணினார்.

ஆறாவது, தூரத்து நாணலுக்குள் விழுந்தது. அது விழுந்ததை நான் மட்டுமே கண்டேன். நண்பர் அப்போது பிளாஸ்க்கிலிருந்து தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தார். சட்டைப் பையிலிருந்த என் பழைய திசைகாட்டியை உடனே எடுத்து, விழுந்த இடத்தை நோக்கிப் பார்த்து, அது காட்டிய பாகை இலக்கத்தைக் குறிப்புப் புத்தகத்தில் எழுதினேன். நின்ற இடத்தில் ஒரு தடியை நட்டேன். துப்பாக்கியைத் திறந்து தோட்டாவை நீக்கி நண்பரிடம் கொடுத்துவிட்டு, திசைகாட்டியைப் பிடித்தபடி இறங்கினேன்.

அந்த இலக்கம் காட்டிய வழியே நாணலுக்குள் அரை மணி நேரம் தேடினேன். தாரா இல்லை. என் கண் இன்னும் இடப்பக்கம் போகச் சொன்னது. கண்ணை நம்புவதற்கு எனக்குச் சம்பளம் தரப்படவில்லை என்பதால் இலக்கத்தோடு நின்றேன்.

கரையிலிருந்து நண்பர் கூப்பிட்டார். “என்ன ஐசே, காணியை அளக்கிறீரோ, தாராவைத் தேடுறீரோ?”

“நீரும் இறங்கித் தேடலாம்.”

“பாம்பு கிடக்கும் காணும். அதோட எங்கட கொலிஜில தண்ணிக்குள்ள இறங்கப் படிப்பிக்கேல்ல.”

நான் கரைக்குத் திரும்பினேன். அவர் குரலைத் தாழ்த்தினார். “ஐசே, விழுந்தது அஞ்சு எண்டு சொல்லும். ஆர் கண்டது? நான் காணேல்ல. நான் தேத்தண்ணியெல்லோ ஊத்தினனான்.”

“நான் கண்டனான்.”

“அப்ப நாய் வாங்கும்.”

அவரோடு தர்க்கிப்பதில் பயனில்லை. தடியருகே போய் மீண்டும் திசையைப் பார்க்க எண்ணி, துப்பாக்கியை வாங்கி வழக்கம்போலத் தோளில் மாட்டினேன். திசைகாட்டியை உயர்த்தினேன். ஊசி மெதுவாக நகர்ந்து, நாணலுக்குள் காட்டிய வடக்கிலிருந்து விலகி நின்றது.

இரும்பின் அருகே திசைகாட்டியை வாசிக்கக் கூடாது என்பது அளவையாளனுக்கு முதல் நாள் முதல் மணித்தியாலத்தில் சொல்லப்படுவது. நானே பல வருடங்களாகப் புதியவர்களுக்குச் சொல்லி, கைக்கத்தி வைத்திருந்த ஒருவரைக் களத்திலிருந்து திருப்பியும் அனுப்பியிருக்கிறேன். அதே நான், தாரா விழுந்தபோது ஓர் இரட்டைக் குழல் துப்பாக்கியைத் தோளில் கொழுவிக்கொண்டு திசை பார்த்திருந்தேன்.

நண்பர் எழுந்து வந்து எட்டிப் பார்த்தார். “ஊசி ஏன் ஐசே ஆடுது?”

காற்று என்று சொல்லியிருக்கலாம். அவர் வங்கியாளர்; நம்பியும் இருப்பார். ஆனால் அந்தத் தாராவை எடுக்க ஒரேயொரு வழிதான் இருந்தது. பிழையான இலக்கம் எப்படிக் கிடைத்ததோ, அதே நிலையில் அதே இடத்தில் நின்று, அதே பிழையை மறுபடி செய்ய வேண்டும். அப்போது அந்த இலக்கம் தாரா விழுந்த இடத்தையே காட்டும். அதை ஒரு சாட்சியின் முன்னிலையில் செய்ய வேண்டியிருந்தது. சாட்சியோ மற்றக் கல்லூரிக்காரர்.

“துவக்கின்ர இரும்பு ஊசியை இழுத்துப்போட்டுது,” என்றேன். “பிழை என்னுடையது.”

என் வாயால் அப்படியொரு சொல்லை அவர் கேட்டார். நாற்பது வருடத்தில் அதுதான் முதல் தடவை.

நான் தடியருகே துப்பாக்கியோடு நின்று, புத்தகத்திலிருந்த இலக்கம் வரும்வரை திரும்பினேன். நேரெதிரே மறுகரையில் இரண்டாகப் பிளந்த செத்த மரமொன்று நின்றது. பிறகு துப்பாக்கியை அவரிடம் கொடுத்துவிட்டு அதே மரத்தைத் திசைகாட்டியில் மறுபடி பார்த்தேன். வித்தியாசம் பதினெட்டுப் பாகை. அதையும் எழுதிக்கொண்டேன். திசைகாட்டியைப் பைக்குள் போட்டுவிட்டு, மரத்தை நோக்கி நேராக நடந்தேன். தாரா நாணலடியில் மல்லாந்து கிடந்தது.

மாலையில் பண்ணைக்காரர் படலையடிக்கு வந்தார். எத்தனை விழுந்தன, எத்தனை எடுத்தீர்கள் என்று கேட்டார். ஆறு, ஆறு என்றேன். பறவைகளைத் தன் விரலால் எண்ணிப் பார்த்துவிட்டு, அடுத்த வருடமும் வரலாம் என்றார். பிறகு, நாய் இல்லாமல் எப்படி முடிந்தது என்று என் நண்பரிடம் வினவினார். “அளவையாளர்” என்று நண்பர் ஆங்கிலத்தில் ஒரு சொல்லில் பதிலளித்தார். நான் காரில் ஏறினேன்.

திரும்பும் வழியில் அவர் தாமாகவே சொன்னார். “நான் ஒருத்தருக்கும் சொல்லன் ஐசே. அது உம்மட தொழில் மரியாதை.” நான் நன்றி கூறினேன்.

அவர் சொல்லாமல் இருந்தது ஏழு வாரங்கள். அவர்களுடைய கல்லூரியின் பழைய மாணவர் இராப்போசனத்துக்கு விருந்தினனாக என்னையும் அழைத்திருந்தார். கோழி பரிமாறப்பட்டதும் எழுந்து, ஒரு முள்ளுக்கரண்டியைத் தோளில் வைத்துக்கொண்டு முழுவதையும் நடித்துக் காட்டினார். “ஊசி நாற்பது பாகை திரும்பிப்போச்சு, லேடீஸ் அன்ட் ஜென்டில்மென்!” சபை கைதட்டியது. எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள்.

மறுப்பதற்கு வழியில்லை, நடந்தது நடந்ததுதான். ஆனால் ஒரு துப்பாக்கி ஊசியை நாற்பது பாகை இழுக்கும்வரை கவனியாமல் நிற்கும் அளவையாளன் எங்கள் நில அளவைத் திணைக்களத்தில் இருந்ததில்லை. நான் எழுந்து, குறிப்புப் புத்தகத்தைச் சட்டைப் பையிலிருந்து எடுத்தேன்.

“பதினெட்டு,” என்றேன். “அளந்தனான்.”

பிறகு அமர்ந்து கோழியைச் சாப்பிட்டேன்.