ஹெர்மினியா நொராலெஸ் ஜன்னலில் நின்ற ஞாயிறு

எங்கள் கடற்கரை ஊரான புந்தா மாங்லேயின் குடிப் பட்டியலிலிருந்து ஹெர்மினியா நொராலெஸின் பெயரை அடித்தவன் நான்தான். மறைக்க ஒன்றுமில்லை. ஊர்க் குழுவின் செயலாளர் என்ற முறையில், அளவுகோல் வைத்து, பச்சை மையால் நேராக ஒரு கோடு போட்டேன். கோடு கோணாமல் வந்ததில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் என் தலையில் நானே குட்டிக்கொள்ளத் தோன்றுகிறது.

பத்தொன்பது வயதில் நியூயார்க் போனவள் ஹெர்மினியா. பிராங்க்ஸில் ஆறாவது மாடி அறை ஒன்றில் இருந்துகொண்டு, இருபத்தாறு வருடம் யார் வீட்டுக் கிழவர்களையோ குளிப்பாட்டி, ஊட்டிவிட்டு, அவர்களிடமே திட்டும் வாங்கினாள். அங்கே எங்கள் ஊர்க்காரர்கள் ஒரு சங்கம் வைத்திருக்கிறார்கள். அதற்காக ஞாயிறுதோறும் சங்குக்கறி சூப் காய்ச்சி விற்பாள். எங்கள் ஊர்க்கூடத்தின் தகரக் கூரை அந்தச் சூப்பில் வந்ததுதான். முழங்கால் தேய்ந்ததும் ஊருக்கே திரும்பிவிட்டாள். மறுநாள் காலையே ரொட்டி சுட மரவள்ளி துருவும் பெண்களோடு போய் உட்கார்ந்தாள். கைக்குப் பழக்கம் விட்டுப்போயிருந்தது. கிழங்கோடு விரலையும் சேர்த்துத் துருவிக்கொண்டாள்.

"அமெரிக்க ரத்தம்டி! இன்னிக்கு ரொட்டி டாலருக்குத்தான் விக்கும்" என்று பக்கத்தில் துருவிக்கொண்டிருந்த பிலார் கத்தினாள். விரலைச் சப்பிக்கொண்டே எல்லோரையும்விடப் பலமாகச் சிரித்தவள் ஹெர்மினியாதான்.

எங்கள் கடற்கரை முழுவதற்கும் ஒரே பட்டா, ஊர் பெயரில். தனியாள் யாரும் ஒரு பிடி மணலை விற்க முடியாது. குடிப் பட்டியலில் இருப்பவர்கள் கூடிக் கை தூக்கினால்தான் எதுவும் நடக்கும். போன வருடம் ஒரு கம்பெனி வந்தது. விடுதி கட்ட வடக்குக் கரையை ஐம்பது வருடக் குத்தகைக்குக் கேட்டது. எங்கள் தலைவர் ஒனெசிமோ சுவாசோவுக்கு அதில் ஆசை. வெளிநாட்டில் பிழைத்துத் திரும்பியவர்கள் எதிர்ப்பார்கள் என்பதும் அவருக்குத் தெரியும். கரை கைவிட்டுப் போன ஊர்களின் கதையை அங்கே அந்த ஊர்க்காரர்கள் வாயாலேயே கேட்டு வந்தவர்கள் அவர்கள்.

அதனால் பிப்ரவரியில் குழு ஒரு விதி போட்டது. ஐந்து வருடத்துக்கு மேல் வெளியே இருந்தவர் ஊர்க்குடி அல்லர். திரும்பி வந்தாலும் ஐந்து வருடம் காத்திருக்க வேண்டும். அப்படித் திரும்பி வந்திருந்த ஐம்பத்திரண்டு பேரின் பெயர் ஒரே நாளில் போயிற்று. தலைவர் சொன்னார், நான் கோடு போட்டேன். இந்த வேலைக்குச் சம்பளம் கிடையாது, மரியாதை மட்டும்தான். அந்தச் சுண்டைக்காய் மரியாதைக்காகத்தான் செய்தேன்.

குத்தகைக் கூட்டத்துக்கு முந்தின நாள் ஹெர்மினியா என் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"என்னடா தெயோ, நான் செத்துட்டேனா?"

"ஐயோ, இல்லக்கா. விதி அப்படி..."

"விதியாம் விதி! நீ மூக்கு ஒழுகத் திரிஞ்சப்போ என் பாவாடையால தொடச்சுவிட்டேன். அப்ப எந்த விதியைப் பார்த்தேன்? நாளைக்கு நான் வருவேன்."

"உள்ள விடமாட்டாங்கக்கா."

"வெளியவே நிக்கிறேன். ஜன்னல் இருக்குல்ல."

ஞாயிறு பூசை முடிந்து கூட்டம் கூடியது. எங்கள் கூடத்து ஜன்னலுக்குக் கம்பியும் இல்லை, கண்ணாடியும் இல்லை. அதன் விளிம்பில் முழங்கையை ஊன்றி அவள் நின்றாள். அவளுக்குப் பின்னால் வெயிலில் மற்ற ஐம்பத்தொரு பேர். உள்ளே முன்வரிசையில் கம்பெனி ஆள், மடியில் வரைபடச் சுருளோடு உட்கார்ந்திருந்தார். தலைவர் தொண்டையைச் செருமியதுதான் தாமதம்.

"ஒரு கேள்வி இருக்கு" என்றாள் ஹெர்மினியா.

"வெளிய நிக்கறவங்களுக்குப் பேச உரிமை இல்ல" என்றார் தலைவர்.

"உங்ககிட்ட யாரு பேசினா? நான் தெயோகிட்ட பேசறேன். அவன் உள்ளதானே இருக்கான்."

கூடம் கொல்லென்று சிரித்தது. தலைவர் சிரிக்கவில்லை.

"தெயோ, கல்லறை நோட்டை எடு. ஏப்ரல் மாசப் பக்கம். எல்லாருக்கும் கேக்கற மாதிரி வாசி."

எங்கள் கல்லறை நிலமும் அதே பட்டாவில்தான் இருக்கிறது. ஊர்க்குடிக்கு மட்டுமே அங்கே இடம். நோட்டில் எழுதித் தலைவர் கையெழுத்துப் போட்ட பிறகுதான் குழி தோண்டுவார்கள். ஏப்ரலில் அடக்கமானவன் தலைவரின் தம்பி கஸ்பார். முப்பத்தொரு வருடம் பிராங்க்ஸில் இருந்துவிட்டு அங்கேயே செத்துப்போனவன். எங்கள் ஆட்களை எங்கள் மணலில்தான் கிடத்த வேண்டும்; எத்தனை கடல் தாண்டியிருந்தாலும் கொண்டுவந்துவிடுவோம். அவனையும் கொண்டுவந்தோம். ஒன்பது நாள் துக்கம் காத்தோம். கடைசி இரவுப் பாட்டை முன்னின்று எடுத்துக்கொடுத்தவள் இதே ஹெர்மினியா. அந்தப் பக்கத்தை எழுதியவன் நான். இரண்டு மாதம் முன்பு நாங்களே போட்ட விதி எனக்கும் நினைவில்லை, தலைவருக்கும் நினைவில்லை. ஊர் திரும்பும் பிணத்தைப் பார்த்து நீ எந்த ஊர் என்று கேட்க எங்களில் யாருக்குத்தான் தோன்றும்?

நோட்டு வீட்டில் இருக்கிறது என்று புளுகியிருக்கலாம். மேசை மேலேயே கிடந்தது. எடுத்து வாசித்தேன்.

"கஸ்பார் சுவாசோ, புந்தா மாங்லேயின் குடி. முழு உரிமையோடு அடக்கம். கையெழுத்து, ஒனெசிமோ சுவாசோ, தலைவர்."

ஹெர்மினியாவின் குரல் தணிந்துதான் வந்தது.

"கஸ்பாரை நான் குத்தம் சொல்லல. அவன் நம்ம ஆளு. அங்க பனி கொட்டறப்போ என் அடுப்படியில உக்காந்து, மேசையில தாளம் போட்டுக்கிட்டே அழுவான். அவனுக்கு இங்க இடம் கெடச்சது நியாயம். நான் கேக்கறது இவ்வளவுதான். செத்து வந்தா குடி, உசுரோட வந்தா குடி இல்லையா? நான் பெட்டியில வந்திருக்கணுமா?"

"வெள்ளக்காரன் கப்பல்ல ஏத்தி வெரட்டித்தானே நம்ம முப்பாட்டனுங்க யுருமேய்த் தீவுலருந்து இங்க வந்தாங்க? வெளிய போனவன் குடி இல்லன்னா, இங்க எவன்யா குடி?" என்று எழுந்தாள் பிலார்.

பின்வரிசையில் வலைக்கார கிறிசாந்தோ எழுந்தார். "விதி விதிதான்னா கஸ்பாரைத் தோண்டி எடுக்கணும். யாரு மண்வெட்டி எடுத்தார்றது? சொல்லுங்க தலைவரே."

எல்லோரும் ஒனெசிமோவைப் பார்த்தோம். அவர் என் கையிலிருந்த நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கையெழுத்து தவறு என்று ஒரு வார்த்தை சொன்னால் குத்தகை அவர் கையில். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"என் தம்பி இந்த ஊர்க்காரன்" என்றார். "அந்த விதிய எடுத்துடுங்க."

முதலில் உயர்ந்தது அவர் கைதான். அதற்காக இன்றும் நான் அவருக்குத் தொப்பியைக் கழற்றுவேன். அடுத்த நொடி கூடம் முழுக்கக் கைகள்.

"ஜன்னல்லயே ஏறு அக்கா, நாங்க தூக்கறோம்!" என்று இளவட்டங்கள் ஓடினார்கள்.

"ஜன்னல்ல ஏறி வர நான் என்ன பூனையாடா? கதவ நல்லாத் தெறந்து வை!"

தேய்ந்த முழங்காலோடு கூடத்தைச் சுற்றிக்கொண்டு அவள் வாசலுக்கு வரும்வரை ஊரே காத்திருந்தது. யாரோ பெஞ்சில் தாளம் தட்ட, பெண்கள் பாட்டைப் பிடித்துக்கொண்டார்கள். அவள் பின்னால் ஐம்பத்தொரு பேரும் உள்ளே நுழைந்தார்கள். நான் அழுதேன். மூக்கை என் சட்டையிலேயே துடைத்துக்கொண்டேன்.

குத்தகைக்கு ஆதரவாக முப்பத்தெட்டுக் கை. எதிராக நூற்று நாற்பத்தொன்று. சந்தேகத்தால் அல்ல, சந்தோஷத்தால் இரண்டு தடவை எண்ணினேன். நாங்கள் சீவிக் கொடுத்த இளநீரைக்கூடக் குடிக்காமல் கம்பெனி ஆள் கிளம்பிவிட்டார்.

கூட்டம் முடிந்தது என்று நினைத்தேன். ஹெர்மினியா மறுபடி எழுந்தாள்.

"தெயோ, இப்ப நான் குடிதானே?"

"ஆமாக்கா!"

"தீர்மானம் கொண்டுவரலாமா?"

"தாராளமா."

"அப்ப எழுதிக்கோ. செயலாளரை மாத்தணும்."

'செயலாளரை' என்று எழுதி முடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. தகரக் கூரை அதிர அதிர ஊரே சிரித்தது.

"சொன்னதும் கோடு போடற ஆளு நமக்கு வேண்டாம்" என்றாள் அவள், சிரிக்காமல். "யாரை அடிக்கறோம், எதுக்கு அடிக்கறோம்னு கேக்கற ஆளு வேணும். பிலார் கேப்பா."

ஒருவர் பாக்கியில்லாமல் கை தூக்கினார்கள். நானும் தூக்கினேன். அவள் சொன்னதில் பிழை எங்கே இருக்கிறது?

பேனாவைப் பிலாரிடம் கொடுத்துவிட்டு வெளியே வந்தபோது ஹெர்மினியா என் தோளில் கை போட்டாள்.

"கோவமாடா?"

"இல்லக்கா. வெக்கமா இருக்கு."

"சரி, வீட்டுக்கு வா. மீன் கொழம்போட ஹுதுத்து. அதுக்கு வாழக்காய் இடிக்கணும். உனக்குத்தான் இனிமே வேலை இல்லையே."

போனேன். என் தோள் உயர உலக்கையைக் கையில் கொடுத்தாள். நாலு இடி இடித்த பிறகுதான், ஐம்பத்தொரு பேரையும் அவள் சாப்பிடக் கூப்பிட்டிருப்பது தெரிந்தது. அத்தனை பேருக்கும் நான்தான் இடித்தேன்.