மைனஸ் இருபது பெரியதா?

குளிர்பதனக் கிடங்கில் என் அக்காவை எல்லோரும் "ஐஸ்" என்றுதான் கூப்பிடுவார்கள். ஆனால் கோபம் வந்தால் அவள் நெருப்பு. அவளிடம் அடி வாங்கி வளர்ந்த தங்கை நான் சொல்கிறேன், நம்பலாம். அந்தக் குளிரில் மீன் பெட்டிகளை அடுக்கி அடுக்கி அவள் முட்டி இரண்டும் விறைத்துப்போயிருந்தன. கண்காணிப்பு அறைக்கு மாறினால் உட்கார்ந்து வேலை பார்க்கலாம், குளிரும் இல்லை. அதற்கு ஒரு கணக்குத் தேர்வு எழுத வேண்டும். மாலை வகுப்பில் சேர்ந்தாள்.

"எண்ணுல என்னடி வகை? எண்ணு எண்ணுதான்" என்று ஆரம்பத்தில் சலித்துக்கொண்டாள். ஆனாலும் படித்தாள். பெட்டிகளை ஒன்று, இரண்டு என்று எண்ணினால் இயல் எண்கள். காலித் தட்டுக்காகப் பூஜ்ஜியத்தையும் சேர்த்துக்கொண்டால் முழு எண்கள். தையற்காரரான அத்தான், "அரை மீட்டர் துணி உண்டு, அரை பட்டன் உண்டா?" என்று கேட்டதில் பின்னமும் பிடிபட்டது. மைனஸ் எண்களைப் பற்றி அவளுக்குக் கவலையே இல்லை. "அதுக்குள்ளதானே நான் குடித்தனமே நடத்துறேன்" என்றாள்.

மாதிரித் தேர்வில் அவள் கவிழ்ந்தது அங்கேதான். மைனஸ் பதினெட்டைவிட மைனஸ் இருபது பெரியது என்று எழுதிவைத்திருந்தாள். வாத்தியார் தப்பு போட்டுவிட்டார். அன்று வீடே அதிர்ந்தது.

"மைனஸ் இருபதுல கொஞ்ச நேரம் நின்னு பாக்கச் சொல்லு அந்த வாத்தியாரை! எது பெரிசுன்னு அப்பத் தெரியும்."

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. நானும் கணக்கில் சூரப்புலி இல்லை. அத்தான் தையல் மெஷினை இன்னும் சத்தமாக ஓட்டினார். பிழைக்கத் தெரிந்த மனிதர்.

தேர்வுக்கு முந்தின நாள் யாரோ கிடங்குக் கதவைச் சரியாகச் சாத்தாமல் போய்விட்டார்கள். உள்ளே இருந்த அக்கா வெப்பமானியைப் பார்த்தாள். மைனஸ் இருபது மைனஸ் பத்தொன்பதாகி, மைனஸ் பதினெட்டும் ஆகிவிட்டது.

"ஐயோ, ஏறுது ஏறுது! கதவைச் சாத்துங்க!" என்று கத்தினாள்.

கத்திய வாய் மூடவில்லை. ஏறினால் பெரியதுதானே? இத்தனை வருஷமும் அவள் அளந்தது குளிரை. அந்தக் கருவி அளந்ததோ சூட்டை. அங்கேயே, பெட்டிகளுக்கு நடுவில், தன்னையே திட்டிக்கொண்டு சிரித்தாளாம்.

தேறிவிட்டாள். புது அறையில் முதல் நாள், மத்தியானம் எனக்குப் போன் செய்தாள்.

"என்னக்கா, வேலை எப்படி இருக்கு?"

"வேர்க்குதுடி" என்றாள்.

"ஃபேனைப் போட்டுக்க வேண்டியதுதானே?"

"சும்மா இரு. இன்னும் கொஞ்ச நேரம் வேர்க்கட்டும்."