பிள்ளையாருக்கென்று விட்டுவைத்த சோளம்

புழு என்றால் எனக்கு ஆகவே ஆகாது. கத்தரிக்காய் நறுக்கும்போது ஒன்று தலை நீட்டினால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது. அப்படிப்பட்டவளைப் போய் நாற்பது சோளக்கதிர் உரிக்க உட்கார வைத்தார்கள்.

எழுபதுகளின் தொடக்கம். தி. நகரில் ஒரே வளவில் நாலு குடித்தனம். அப்பா வேலை பார்த்த ஜவுளிக்கடை முதலாளியின் மகன் வெளிநாட்டிலிருந்து ஒரு விதைப் பொட்டலம் கொண்டுவந்தார். இனிப்புச் சோளமாம். அம்மா அதைக் கொல்லையில், குளியலறைத் தண்ணீர் ஓடும் இடத்தில் ஊன்றினாள். நாலு வீட்டு சோப்பு நுரையையும் எச்சிலையும் குடித்து அது ஆள் உயரம் வளர்ந்தது. பார்க்கவே எனக்குக் குமட்டும்.

அம்மா அதோடு விட்டாளா? "இந்த வருஷம் சதுர்த்திக்கு யாரும் கடையில சோளம் வாங்காதீங்க. நாலு வீட்டுப் பிள்ளையாருக்கும் நம்ம கொல்லைச் சோளந்தான்" என்று ஊருக்கு முந்தி வாக்குக் கொடுத்துவிட்டாள். திருநெல்வேலியிலிருந்து வந்த எங்களை அந்த வளவில் யாரும் ஒரு பொருட்டாக மதித்ததில்லை. அவள் மானமே அந்தக் கதிர்களில் தொங்கிக்கொண்டிருந்தது.

கதிரோ சதுர்த்திக்கு மூன்று வாரம் முன்னாலேயே பருவத்துக்கு வந்துவிட்டது. ஒடித்துவிடலாம் என்று நான் தலைபாடாய் அடித்துக்கொண்டேன்.

"சாமிக்குன்னு சொன்னத முன்னாலயே ஒடிக்கலாமாட்டி?" என்று அம்மா என் வாயை அடைத்தாள்.

சதுர்த்தி காலையில் நாலு வீட்டுப் பெண்களும் கொல்லையில் கூடினோம். அவர்கள் ஒடித்துப் போட, நான் உரிக்க வேண்டும். முதல் கதிரின் மடலைப் பிரித்தேன். உள்ளே ஈரமாக ஏதோ விரலில் நெளிந்தது. சீ! கொழுத்த பச்சைப் புழு. அது தின்ற இடமெல்லாம் கறுப்புக் கூழ். மிச்ச மணிகள் சுருங்கிக் கிடந்தன. ஊசிப்போன மாவின் வாடை வேறு. அடுத்த கதிரில் இரண்டு புழு. அதற்கடுத்ததை வீசியெறிந்துவிட்டு ஓங்கரித்தேன்.

"ஐயே, இன்னாமா இது, இம்மாம் புழு கீது!" என்றாள் மாடி வீட்டு அக்கா.

அம்மாவின் முகம் செத்துப்போயிற்று. கீழே உட்கார்ந்து, வெறும் விரலாலேயே புழுக்களைப் பிடுங்கிப்போட்டாள். நுனிகளை அரிவாள்மணையில் நறுக்கினாள். மடலை மறுபடி மூடி, ஒவ்வொரு கதிரையும் வாழைநாரால் கட்டினாள். அந்தக் கையை நான் இனி எப்படித் தொடுவேன் என்றிருந்தது.

பக்கத்து வீட்டு மாமிதான் முதலில் கை நீட்டினாள். "நுனிதானே, அதனால என்ன? குடுங்கோ. எங்காத்துப் பிள்ளையார் ஒண்ணும் சொல்லமாட்டார்."

மற்றவர்களும் வாங்கிக்கொண்டார்கள். சாயங்காலம் மூன்று பேரும் வந்து, தேனாக இனித்தது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அம்மாவைப் பிடிக்க முடியவில்லை. அப்பாவிடம் அதையே நாலு தடவை சொன்னாள்.

மறுநாள் காலை தெருமுனைத் தொட்டியில் குப்பை கொட்டப் போனேன். மேலாகவே கிடந்தன கதிர்கள். அம்மா கட்டிய வாழைநார் ஒன்றுகூட அவிழ்க்கப்படவில்லை. அடப்பாவிகளா! திரும்பிப் பார்த்தால், சாம்பல் வாளியோடு அம்மா வந்துகொண்டிருந்தாள்.

தொட்டிக்குள் கையை விட்டேன். ஊசிப்போன சோறு, ஈ, கொழகொழவென்று என்னென்னவோ. முழங்கை வரை விட்டுக் கதிர்களை அடியில் அமுக்கி, மேலே எச்சில் இலைகளை இழுத்துப் போட்டேன்.

அம்மா வந்து சாம்பலைக் கொட்டினாள். "அடுத்த வருஷம் இன்னும் ரெண்டு வரிசை கூட ஊனணும்ட்டி. எல்லாருக்கும் பிடிச்சுப் போச்சுல்லா?"

"ஆமாம்மா" என்றேன்.

முதுகுக்குப் பின்னால் மறைத்திருந்த என் கையில், மணிக்கட்டைத் தாண்டி ஒரு புழு ஏறிக்கொண்டிருந்தது. அவள் வீட்டுப் பக்கம் திரும்பும் வரை நான் அதை உதறவில்லை.