நெட்டுருப் போட்ட பிரசங்கம்

நேற்று உச்சிப்புளியில் பஸ்ஸுக்கு நின்றபோது, பக்கத்து மருந்துக்கடையில் ஒரு பெண் கைப்பிள்ளைக்கு ஓமவாட்டர் வாங்கி, அங்கேயே மூடியைத் திறந்து ஊட்டினாள். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் எனக்குப் பூசை மணி கேட்டது. சிரிக்காதீர்கள். குருப்பட்டம் வாங்கிய புதிதில், அரை பாட்டில் ஓமவாட்டரை உள்ளே தள்ளிவிட்டுத்தான் பிரசங்கம் வைக்கப் போவேன்.

சனிக்கிழமை மத்தியானமே வயிறு கலக்க ஆரம்பித்துவிடும். ஞாயிறு காலையில் மூன்று தடவை கக்கூஸ். முழங்கால் தந்தியடிக்கும், நல்லவேளை, பாதம்வரை அங்கி. விடிய விடியக் கடலில் கிடந்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கும் அந்த முகங்களைப் பார்த்தால் எனக்கு வார்த்தையே வராது. அதனால் ஒரு வழி கண்டுபிடித்தேன்: முழுப் பிரசங்கத்தையும் எழுதி, பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி நெட்டுருப் போட்டுவிடுவது. முதல் வார்த்தையைத் தொட்டுவிட்டால் போதும், கடைசி ஆமென் வரை வாய் தானாக ஓடும். நடுவில் ஒரு வார்த்தை பிசகினால் தொலைந்தேன்.

அப்போது தங்கச்சிமடத்தை அடுத்த ஒரு கடற்கரை ஊரில் பங்குச்சாமியாக இருந்தேன். சவரி என்றொரு மீனவர் நாட்டுப்படகில் தனியாகப் போனவர் திரும்பவில்லை. படகு மட்டும் கிடைத்தது. முப்பது நாள் கழித்து அவருடைய அண்ணன் வந்து, "தம்பிக்கு ஒரு பூசை வைக்கணும் சாமி" என்றார். திரும்பி வர வேண்டிப் பூசையா, செத்தவருக்கான பூசையா என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். இறந்தவர்களுக்கான பிரசங்கம் ஒன்றை எழுதி, இரண்டு நாள் உருப்போட்டேன்.

பூசைக்குக் கால்மணி நேரம் இருக்கும்போது, நான் அங்கி மாட்டிக்கொண்டிருந்த அறை வாசலுக்குச் சவரியின் மனைவி செலின் வந்தாள். அழவில்லை.

"சாமி, செத்துட்டாருன்னு மட்டும் சொல்லிறாதீக. ஊர்ல எல்லாரும் சொல்றாக, சொல்லிட்டுப் போகட்டும். நீங்க சொன்னா முடிஞ்சுபோகும்."

"சரிம்மா, சொல்லல" என்றேன். மனதாரத்தான் சொன்னேன். அவள் போனதும் பேப்பரைப் பிரித்தேன். வரிக்கு வரி அந்தச் சாவுதான். ஒரு வார்த்தையை எடுத்தால் அடுத்த வரி நினைவில் நிற்கவில்லை. அதற்குள் மணி அடித்துவிட்டார்கள்.

அந்த ஊரில் ஒரு வழக்கம். பிரசங்கம் ஆரம்பித்ததும் ஆண்களில் பாதிப்பேர் எழுந்து வெளியே போய்விடுவார்கள். ஒரு பீடி முடித்துவிட்டு, பிரசங்கம் முடிந்து எல்லாரும் விசுவாசப் பிரமாணம் சொல்லும்போது சாவகாசமாக உள்ளே வருவார்கள். அன்றைக்கு ஒருவரும் எழவில்லை. அதைப் பார்த்ததும் பயத்தில் முதல் வார்த்தையைத் தொட்டேன். அவ்வளவுதான். "நம்மை விட்டுப் பிரிந்து இறைவனடி சேர்ந்துவிட்ட நம் சகோதரர் சவரி..." வாய் பேசியது, நான் கேட்டுக்கொண்டு நின்றேன். செலின் எழுந்து நடுவழியாக வெளியே போனாள். எனக்கு நிறுத்தத் தெரியவில்லை. ஆமென் வரை சொல்லி முடித்தேன்.

"அருமையாப் பேசுனீக சாமி" என்றார் அண்ணன்.

அதன்பிறகு நான் அங்கே இருந்த மூன்று வருடமும், பிரசங்கம் தொடங்கினால் ஆண்களோடு செலினும் எழுந்து போவாள். தாலியைக் கழற்றாத கழுத்தோடு வேப்பமரத்தடியில் ஒதுங்கி நிற்பாள். மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. வெட்கம் என்றும் சொல்ல முடியாது. உள்ளே ஏதோ மரத்துப்போய்விட்டது. அன்றோடு வயிறு கலங்குவதும் நின்றது, முழங்கால் ஆடுவதும் நின்றது. நான் நல்ல பிரசங்கி என்று பெயர்கூட வந்தது, போங்கள்.

போன மாதம் அதே ஊருக்குத் திருவிழாப் பூசைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். அரைமணி நேரம் பேசினேன். ஆண்கள் வழக்கம்போல வெளியே போனார்கள். செலின் போகவில்லை. தலை நரைத்து, கழுத்தில் தாலி இல்லாமல், கடைசிவரை உட்கார்ந்திருந்தாள்.

வாசலில் எதிர்ப்பட்டபோது, "இன்னைக்கு வெளிய போகலையேம்மா?" என்று கேட்டுவிட்டேன்.

"கால் வலிக்குது சாமி, நிக்க முடியல. இனிமே நீங்க என்ன சொன்னாலும் ஒண்ணுமில்ல" என்றாள்.