நான்காவது நகம்

கேஸ் அடுப்பை அணைத்துவிட்டு வெளியே வந்தால், அணைத்தேனா என்று பாதி வழியில் திரும்பிப் போய்ப் பார்க்கிறவன் நான். படிவம் மூன்றோடு, அதாவது ஒன்பதாம் வகுப்போடு, பள்ளியை விட்டவன். வேலை செய்த தொழிற்சாலையை மூடியதும், தம்போய் டவுனில் ஒரு நகைப் பட்டறையில் பாலிஷ் போடச் சேர்ந்தேன். போன வருஷம் முதலாளி என்னைக் கல் பதிக்கப் பழகச் சொன்னார். "கொஞ்ச நாள் பாரு. சரிப்படலைன்னா மறுபடி பாலிஷ்தான்."

பழக்கிவிட்டவள் என்னைவிட வயதில் ரொம்பச் சின்னவள். மோதிரத்தின் தலையில் கல்லைப் பிடிக்க நாலு கம்பி நகம் நிற்கும். நடுவில் கல்லை உட்காரவைத்து, எதிரெதிர் நகமாகக் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தணும். கடைசியில் பஞ்சை நகங்களின்மேல் இழுத்துப் பார்க்கணும். இழை சிக்கினால் நகம் இன்னும் படியவில்லை. சிக்காவிட்டால் கையை எடுத்துவிடணும்.

எனக்கு அந்தக் கையை எடுப்பதுதான் வரவில்லை.

முதன்முதலாக என்னிடம் வந்த வாடிக்கையாளர் மோதிரத்தில் பச்சைக்கல். மறுநாள் நிச்சயதார்த்தம்; அன்று சாயங்காலமே கல்யாணப் பெண்ணின் அப்பா வந்து வாங்கிக்கொள்வார். பதித்து முடித்தேன். பஞ்சு சிக்கவில்லை.

"நல்லா உக்காந்திருச்சுண்ணே, விடுங்க," என்று சொல்லிவிட்டு பழக்கிவிட்டவள் தே தாரிக் டீ வாங்கப் போனாள்.

நான் விடவில்லை. அந்தக் கல்யாணப் பெண் கை கழுவும்போது கல் கழன்று தண்ணீரோடு போவதுபோலவே கண்ணில் ஓடியது. ஒரு நகத்தைச் சற்றே தூக்கி மறுபடி அழுத்தினேன். மனசு ஒப்பவில்லை. இன்னொரு தரம். நகம் ஒடிந்து மேசைமேல் விழுந்தது. எறும்புத் தலை அளவுதான் இருந்தது.

அவள் வந்து லென்ஸில் பார்த்தாள். "கம்பியை முன்னும் பின்னும் வளைச்சா என்னாகும்ண்ணே?"

"கல்லு விழுந்துருமோன்னு…"

"அது பாட்டுக்கு இருந்துச்சு. நீங்கதான் விழ வெக்கப் பாத்தீங்க லா."

பச்சைக்கல் சூடு தாங்காது. கல்லைக் கழற்றிவிட்டுப் புது நகம் பற்றவைத்தாள். அதற்குள் பெண்ணின் அப்பா வந்துவிட்டார். முன்கடையில் அவர் இருமுவது கேட்டது. இனி அவளே பதிப்பாள் என்று நினைத்தேன். மோதிரத்தை என் பக்கம் தள்ளினாள்.

"நீங்களே முடிங்க. இல்லாட்டி இன்னிக்கே பாலிஷ் மெஷினுக்குப் போயிருங்க."

எப்படியோ முடித்தேன். பஞ்சு வழுக்கிக்கொண்டு போனது. மறுநொடியே அவள் அழுத்தும் கருவியை என் கையிலிருந்து வாங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, மோதிரத்தை முன்கடைக்கு எடுத்துப் போனாள். நான் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இன்னும் கல்தான் பதிக்கிறேன். பஸ்ஸில் எந்த விரலிலாவது பச்சைக்கல் தெரிந்தால் நகங்களை எண்ணுகிறேன். நாலும் இருக்கும். இறங்கும் முன் இன்னொரு தரம் எண்ணிக்கொள்வேன்.