சூடு இறங்காத பெட்டி

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி நான்தான். வேலணையில் எங்கள் வீட்டு முன்னறையில் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த கணினியின் புரொசசரை, அதற்கு விதித்த வேகத்துக்கும் மேலே ஓடு என்று நானே முடுக்கிவிட்டேன். ஓவர்கிளொக் என்பார்கள். வேறு வழியும் இருக்கவில்லை. இனிமேல்தான் கட்டப்போகும் வீடுகளைக் கட்டி முடித்ததுபோலக் கணினியில் படமாக்கிக் கொடுப்பது என் வேலை. படங்கள் பிந்திப் பிந்தி வருகின்றன, இந்தத் தொகுதியையாவது நேரத்துக்குத் தாருங்கள், இல்லாவிட்டால் கொழும்புக்கு வந்து எங்கள் அலுவலகத்தில் இருந்து செய்யுங்கள் என்று நிறுவனம் சொல்லிவிட்டது. கணவர் கட்டாரில். நான் மகளையும் கூட்டிக்கொண்டு கொழும்புக்குப் போனால் வீட்டில் கணவரின் தாய், என் மாமி, தனியே. அவரின் மற்றப் பிள்ளைகள் எல்லாரும் எப்போதோ கனடாவுக்கும் லண்டனுக்கும் போய்விட்டார்கள்.

வேகம் கூடியது உண்மை. சூடு அதைவிடக் கூடியது. படம் உருவாகத் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே தொண்ணூற்றைந்து பாகை. அதற்குமேல் புரொசசர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைக்கும். சில நாட்களில் பொத்தென்று நின்றேவிடும், பாதியில் இருந்த படமும் அதோடு போகும். வோல்ற்றேஜைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துப் பார்த்தேன். கடலில் கரைத்த பெருங்காயம். புரொசசரின் மேலிருந்த, சூட்டைக் கடத்தும் பழைய பசையைத் துடைத்துவிட்டுப் புதிது பூசினேன். அப்போது பார்த்தால், சூட்டை இழுத்து வெளியே தள்ளும் கூலரின் தகடுகளுக்குள் அழுக்கு அப்பிக் கிடந்தது. சாட்டிப் பக்கமிருந்து வரும் கடற்காற்றுத்தான் உப்பையும் புழுதியையும் கொண்டுவந்து அடைக்கிறது என்று முடிவுகட்டி, ஜன்னல்கள் எல்லாவற்றையும் பூட்டினேன். அறை பாண் சுடும் போறணை ஆனது. பெட்டியும் வெந்தது, நானும் வெந்தேன்.

பிறகு பஸ் ஏறி, பண்ணைப் பாலம் கடந்து யாழ்ப்பாணம் போய், பெரிய கூலர் ஒன்று வாங்கிவந்து பூட்டினேன். எழுபத்தைந்து பாகை! துள்ளிக் குதிக்காத குறை. அந்தச் சந்தோஷம் ஒரு கிழமைதான். எண்பது, எண்பத்தைந்து, தொண்ணூறு என்று மறுபடியும் ஏறியது. எனக்கு விசர் பிடித்துவிட்டது. கூலர் விற்ற கடைக்காரரைத் தொலைபேசியில் பிடித்துப் பொரிந்து தள்ளினேன்.

“அக்கா, கூலரில பிழை இல்லை. பெட்டிக்குள்ள காத்துப் போகுதோ எண்டு பாருங்கோ,” என்றார்.

“காத்தை விட்டா உப்பு வருது, காத்தை மறிச்சா சூடு ஏறுது. நான் என்னதான் செய்யிறது?”

தொலைபேசியை வைத்துவிட்டு, “இந்தக் கோதாரி விழுந்த பெட்டிக்கு என்ன வந்தது? சூடு இறங்குதே இல்லை!” என்று குசினிவரை கேட்கக் கத்தினேன். அந்த நாட்களில் நான் வாய் திறந்தால் வந்தது அது ஒன்றுதான்.

கடைசிப் படத்தை மறுநாள் அனுப்பவேண்டும். பின்னேரம், ரியூசன் முடிந்து வரும் மகளைக் கூட்டிவர வழக்கம்போலப் புறப்பட்டேன். படலை தாண்டியதும் மழை தூறியது. குடை எடுக்கத் திரும்பி வந்தால் அறை முழுக்கப் புகை. கணினிக்கு முன்னால் மாமி நிற்கிறார். கையில் தூபக்கால், அதில் கனன்ற சிரட்டைக்கரி, அள்ளிப் போட்ட சாம்பிராணி. பெட்டியை மூன்றுமுறை சுற்றிக் காட்டிவிட்டு, முன்பக்க விசிறிக்கு நேரே பிடித்தார். அதுவும் புகையைச் சொட்டு மிச்சம் விடாமல் உள்ளே இழுத்தது.

“மாமி! என்ன செய்யிறியள்?”

“கத்தாதை பிள்ளை, நாவூறு கழிக்கிறன். முந்தி வெள்ளிக்கிழமையில மட்டும்தான் காட்டினனான். சூடு இறங்குதில்லை, இறங்குதில்லை எண்டு நீ கத்தக் கத்த எனக்குப் பயம் வந்திட்டுது. இப்ப ஒவ்வொரு நாளும் காட்டுறன்.”

பெட்டியை நிறுத்தி மூடியைக் கழற்றினேன். புதுக் கூலரின் தகடுகளுக்குள் கறுப்புப் பிசின். விரலால் தொட்டு முகர்ந்து பார்த்தேன். சாட்சாத் சாம்பிராணி. வீடு முழுக்க எப்போதும் இருக்கிற வாசம் என்பதால் எனக்கு மூக்கில் உறைக்கவே இல்லை. போதாக்குறைக்கு, அந்தப் புகை வெளியே போகாதபடி ஜன்னல்களைப் பூட்டி வைத்தவளும் நான்தான். தலையில் அடித்துக்கொண்டேன்.

“ஐயோ மாமி, உங்கட புகைதான் இதை மூச்சுத் திணறப் பண்ணுது! நாளைக்குப் படம் போகாட்டி நான் கொழும்புக்குப் போகவேணும். விளங்குதோ?”

“அது விளங்கித்தானே காட்டினனான்,” என்றார் மாமி.

மகளைக் கூட்டிவந்ததும், காயத்துக்குப் பூசும் ஸ்பிரிட்டையும் பழைய பல் தூரிகையையும் எடுத்து உட்கார்ந்து, ஒவ்வொரு தகடாகத் தேய்த்தேன். அந்தப் பிசின் இலேசில் விடுமா? மாமி ஜன்னல்களை ஒவ்வொன்றாகத் திறந்துவிட்டு வந்து பக்கத்தில் நின்றார். ஈரம் காய்ந்ததும் எல்லாவற்றையும் பூட்டி ஓடவிட்டேன். எழுபத்து நான்கு பாகையில் ஏறி அப்படியே நின்றது. படம் மேலிருந்து கீழாக நிறைந்துகொண்டு வந்தது.

“இது இனி நிக்காது மாமி. பயப்பிடாதேங்கோ. உங்களை விட்டிட்டு நான் ஒரு இடமும் போகமாட்டன்.”

மாமி திரையைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார்.

“ஓம் பிள்ளை,” என்றார். “எல்லாரும் உப்பிடிச் சொல்லிப்போட்டுத்தான் போனவை.”