சுகமில்லை என்று சொல்லமாட்டேன்

மூன்று வருஷத்துக்கு முந்தி, ஐப்பசி மழையோடு மழையாக, றக்வானையில் முதல் பஸ்ஸைப் பிடித்து இரத்தினபுரிக்குப் போனேன். பென்சன் வழக்குக்குத்தான்.

என் வீட்டுக்காரர் அரசாங்க ரோட்டு வேலையில் இருந்தவர். நான் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்தவள். கோயிலில் தாலி கட்டினோம். அந்தக் காலத்தில் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் யாரும் பதிவுக்குப் போனதில்லை. அவர் போன பிறகு விதவைப் பென்சன் கேட்டால், ஆபீஸ் ஜன்னலில் இருந்தவர், பதிவு இல்லையென்றால் நீ மனைவியே இல்லை என்று முடித்துவிட்டார். வாயைத் திறக்காமல் திரும்பி வந்துவிட்டேன்.

பல வருஷம் கழித்துத்தான், கோயில் கல்யாணமும் சட்டத்தில் நிற்கும் என்று தொழிற்சங்கத்துக்காரர் ஒருவர் சொன்னார். அதற்குள் வழக்குப் போடும் காலம் கடந்து போயிருந்தது. தாமதத்துக்குத் தக்க காரணம் சொன்னால்தான் வழக்கையே எடுப்பார்களாம்.

எங்கள் வக்கீல் யாழ்ப்பாணத்துப் பிள்ளை. வாசலில் வைத்து மெதுவாகச் சொன்னார்: "அம்மா, கனகாலம் சுகமில்லாமல் கிடந்தனீங்கள் எண்டு சொல்லுங்கோ. மிச்சத்தை நான் பாக்கிறன்."

"நானா கெடந்தேன்? அட்டை கடிக்கிற மழையிலயும் மலைக்குப் போனவ. லயத்துல கேட்டா சிரிப்பாங்க தம்பி."

"அப்ப வழக்குப் போயிடும், அம்மா."

"போனா போகட்டுங்க. பொய் சொல்லியா நான் அவரு பொண்டாட்டின்னு காட்டணும்?"

உள்ளே வழக்கை விசாரிக்க மூன்று பேர் இருந்தார்கள். ஏன் இவ்வளவு தாமதம் என்று நடுவில் இருந்தவர் சிங்களத்தில் கேட்டார். மொழிபெயர்ப்பவர் வாயெடுக்குமுன் நானே சிங்களத்தில் சொல்லிவிட்டேன்: "நான் மனைவி இல்லைன்னு சொன்னது உங்க ஆபீசுதான், ஐயா. அரசாங்கம் சொன்னா சரியாத்தான் இருக்கும்னு நம்பினேன். நம்பிக்கிட்டிருந்த காலம்தான் இந்தத் தாமதம்."

அவர் என்னையே பார்த்தார். பிறகு மற்ற இருவரோடும் குனிந்து பேசினார். நான் உட்காரவில்லை. கடைசியில், தாமதத்தை மன்னித்து வழக்கை விசாரிப்பதாகச் சொன்னார்.

வெளியே வந்ததும் வக்கீல், "இனி நீங்களே வாதாடலாம், அம்மா" என்று சிரித்தார்.

"அப்ப பீஸ் யாருக்கு, தம்பி?" என்றேன்.

அடுத்த விசாரணைத் தவணையில் கல்யாணத்துக்கு வந்தவர்கள் சாட்சி சொன்னார்கள். தீர்ப்பில் என்னை அவருடைய மனைவி என்றே எழுதியிருந்தார்கள். பென்சனும் பிறகு வந்தது. இப்போதெல்லாம் எந்த ஜன்னலில் யார் 'இல்லை' என்று சொன்னாலும், எந்தச் சட்டத்தில் இல்லை என்று கேட்காமல் நான் அந்த இடத்தை விட்டு நகர்வதில்லை.